நடு பெஞ்சு

அதிகாரி வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பார்கள், கழிப்பறையைக் கழுவுவார்கள், கணக்கு வராத பிள்ளைக்குக் காய்ச்சல் வரவைப்பார்கள். காலங்காலமாக நடக்கிற காரியம். பிள்ளைகளின் காதுக்குள் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும் இயந்திரம் ஊருணிப்பட்டி தொடக்கப்பள்ளிக்கு வந்து ஒரு வருடம் ஆன பிறகும் அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

"நாளைக்கு மாரிக்கனிய வரவேண்டாம்னு சொல்லிருங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர் அய்யலுசாமி. வாசலில் கட்ட வாங்கிவந்த காகிதத் தோரணத்தைச் சிக்கெடுத்துக்கொண்டே, கடையில் சாக்பீஸ் வாங்கிவரச் சொல்வதுபோல் சொன்னார்.

நான்காம் வகுப்பு சுகிர்தா டீச்சருக்குக் கொஞ்சம் வாய் அதிகம். மனதில் பட்டதைச் சொல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"கணக்குச் சொல்லிக்குடுக்கிற மிஷினப் பாக்கத்தான சார் அவங்க வாராங்க? கணக்கு வராத பிள்ளைய ஒளிச்சு வச்சுட்டா அப்புறம் எதப் பாக்கப்போறாங்க?"

"மாவட்டத்துலயே முதல் வகுப்புன்னு பேரு வந்துருக்கு டீச்சர். ஒரு பிள்ளையால அது கெட்டுப்போக வேண்டாம். நாளன்னைக்கு வந்து நியாயம் பேசுங்க, கேட்டுக்கிறேன்."

சுகிர்தா மாரிக்கனியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் பேச்சியம்மாளின் மகள். ஒன்பது வயது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. அழப்போகிறாள் என்று சுகிர்தா நினைத்தாள். அவள் அழவில்லை.

"காய்ச்சல்னு சொல்லவா டீச்சர், வயித்துவலின்னு சொல்லவா?" என்று கேட்டாள். "போன தடவ காய்ச்சல்னு சொன்னேன்."

சுகிர்தாவுக்குச் சுருக்கென்றது. எதையாவது சொல்லு போ என்று அனுப்பிவிட்டாள்.

அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. பிள்ளைகள் அதை மைனா என்றுதான் கூப்பிட்டார்கள். காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி, மேசைமேல் ஒரு பலகை, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையிடமும் அது ஒவ்வொரு விதமாகப் பேசும். பாட்டுப் பைத்தியமான கெவினுக்கு வாய்ப்பாட்டை மெட்டுப் போட்டுப் பாடும். ஆடு மேய்க்கிற வீட்டுச் சபரிக்குக் கழித்தல் கணக்கைக் கிடையில் காணாமல்போன குட்டிகளின் கதையாகச் சொல்லும். போட்டி என்றால் உயிரை விடும் ஜெயரதிக்கு எல்லாக் கணக்கும் ஓட்டப்பந்தயம். ஒரு வழி பலிக்காவிட்டால் மறுநாள் வேறு வழி. காதில் ஓடும் நாடித்துடிப்பைக் கொண்டே பிள்ளைக்குச் சலிப்பு வந்துவிட்டதா, ஆசை வந்துவிட்டதா, விடை நாக்கு நுனிவரை வந்துவிட்டதா என்று அது தெரிந்துகொள்ளும். யார் எந்த பெஞ்சில் உட்கார வேண்டும் என்றுகூட வாராவாரம் அதுவே சொல்லும்.

இல்லாததைச் சொல்லக் கூடாது, பலன் இருந்தது. கணக்கு பீரியட் வந்ததும் ஒன்றுக்கு வருகிறது என்று வெளியே ஓடிய கூட்டம், இப்போது மணி அடிக்குமுன்பே வந்து உட்கார்ந்தது. மூன்று மாதம் பள்ளிக்கே வராமல் ஆட்டுக்குப் பின்னால் போன சபரி இப்போது லீவு விட்டால் அழுகிறான். மாரிக்கனி ஒருத்திக்குத்தான் பாட்டும் கதையும் பந்தயமும் எதுவுமே ஒத்துவரவில்லை. மற்றவர்கள் வாராவாரம் இடம் மாறினாலும் அவள் நடு பெஞ்சை விட்டு நகரவில்லை. பின்தங்கிய பிள்ளை எல்லார் கண்ணிலும் இருக்கட்டும் என்று மைனா அக்கறைப்படுகிறதாக்கும் என சுகிர்தாவும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அதிகாரி வந்தார். நடு பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவர் சிரித்த முகத்தோடு தொண்ணூறிலிருந்து நாற்பத்தெட்டைக் கழிக்கச் சொன்னார். ஒரு பிள்ளையும் பலகையைத் தொடவில்லை. கெவின் ஜன்னலைப் பார்த்தான். ஜெயரதி அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள், பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். யாரோ முதலில் ஏதோ செய்ய வேண்டும், அதற்கப்புறம்தான் தாங்கள் தொடங்க முடியும் என்பதுபோல் இருபத்தொன்பது பிள்ளைகளும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி பொறுத்துப் பார்த்தார். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள் போல என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, எடுத்துவைத்த வடையைத் தொடாமல் ஜீப்பில் ஏறிப் போனார்.

"மானம் போச்சு," என்றார் அய்யலுசாமி. "நேத்துவரைக்கும் பொரிஞ்சு தள்ளுன பிள்ளைங்களுக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"வந்தது ஒண்ணுமில்ல சார். வராதது ஒரு பிள்ளை."

சொன்ன பிறகுதான் சுகிர்தாவுக்கே தான் சொன்னது உறைத்தது.

மறுநாள் மாரிக்கனி வயிற்றுவலி குணமாகி வந்து நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். சுகிர்தா கரும்பலகைப் பக்கமே போகாமல் ஓரமாக நின்று பார்த்தாள். மைனா எல்லாருக்கும் கணக்கைக் கொடுத்தது. மாரிக்கனியின் உதடு அசைந்தது, நின்றது. தப்பாக எதையோ எழுதினாள். அவள் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வகுப்பு முழுவதும் ஒரு சின்னச் சிரிப்பு ஓடி அடங்கியது. அது அடங்கியதும் இருபத்தொன்பது தலைகளும் ஒன்றாகக் குனிந்து வேலையில் இறங்கின. ஒரு கணக்குக் கூடத் தப்பவில்லை.

மத்தியானம் சத்துணவுக் கூடத்தில் காதுக்கருவிகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். சமையல்கார அக்கா சுகிர்தாவிடம், "நாலு அட்டை முட்டை வந்துருக்கு டீச்சர், அட்டைக்கு முப்பது. இன்னைக்குச் சாப்பிடுறது தொண்ணூத்தேழு பேரு. பத்துமா?" என்று கேட்டாள்.

"இருவத்திமூணு மிஞ்சும்க்கா," என்றாள் வரிசையில் நின்ற மாரிக்கனி. தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேதான் சொன்னாள்.

சுகிர்தா அவளை ஓரமாக இழுத்துப்போய் இன்னும் சில கணக்குகளைக் கேட்டாள். எல்லாம் சரியாக வந்தன. பிறகு மாரிக்கனியின் பெயர் ஒட்டிய கருவியை அலமாரியிலிருந்து எடுத்துவந்து அவள் காதில் வைத்து, ஒன்பதும் ஆறும் எத்தனை என்று கேட்டாள். மாரிக்கனி வாயைத் திறந்தாள். முகம் வெளிறிப்போய் அப்படியே நின்றாள்.

"இப்ப என்ன ஆச்சு கண்ணு?"

"வந்துச்சு டீச்சர். மைனா பேசுச்சு. போயிருச்சு."

எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, சாயங்காலம், காலி வகுப்பறையில் சுகிர்தா அதே கருவியைத் தன் காதில் வைத்துக்கொண்டு நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினாறு ஏழு எத்தனை என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். நூற்றுப் பன்னிரண்டு. மைனா பேசாமல் இருந்தது. அவள் நாடியைப் பழகிக்கொண்டிருந்தது போல. பத்துப் பதினைந்து கணக்குகள் போனபின், ஒரு விடை மனதில் உருவாகி எழும் அந்தக் கணத்துக்கு அரை நொடி முன்னால், தாலாட்டுப் பாடுகிற மாதிரி ஒரு குரல் சொன்னது:

"அவசரப்படாதே கண்ணு. தப்பா வந்தாலும் பரவாயில்ல."

விடை போய்விட்டது. சுகிர்தா மறுபடி முயன்றாள். மறுபடியும் அதே அன்பு, அதே அரை நொடி. அடுத்த கணக்கிலும் அதேதான். பதினெட்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், பன்னிரண்டையும் ஒன்பதையும் கூட்ட முடியாமல் வியர்த்துப்போய்க் கருவியைப் பிடுங்கி மேசையில் போட்டாள். சீ, இதைப் போய் ஒரு பிள்ளையின் காதில் ஒரு வருடம் வைத்திருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மைனாவைப் பராமரிக்கும் இன்ஜினீயர் அருள்ராஜ் அந்த வாரமே வந்தார். மரியாதை தெரிந்த ஆள். சுகிர்தா சொல்லச் சொல்ல மறுத்துப் பேசாமல் தன் கணினியில் எதையோ தேடிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாரும் இத அதுக்குச் சொல்லிக்குடுக்கல டீச்சர். வகுப்பு முழுசும் கணக்கு மேல ஆசைப்படணும், அதுக்கு எந்த வழியும் முயற்சி பண்ணலாம்னு மட்டுந்தான் சொன்னோம். பாட்டு, கதை, விளையாட்டுன்னு எல்லாம் பண்ணிப் பாத்துச்சு. எல்லாம் கொஞ்ச நாள் பலிக்கும், அப்புறம் சலிச்சுரும். ஒரு வழி மட்டும் சலிக்கவே இல்ல."

"என்ன வழி?"

"தனக்குக் கீழ ஒருத்தர் இருக்கிறது. அவளுக்கே வரலைன்னு பாத்ததும் மத்தவங்களுக்கு நமக்கு வரும்னு தைரியம் வருது. அந்தத் தைரியத்துல பாட்டும் கதையும் நல்லா வேலை செய்யுது."

"அதுக்கு எம்பிள்ளதான் கெடச்சாளா?"

"முதல் வாரத்துல யார் கொஞ்சம் மெதுவோ அவங்களத்தான் எடுத்திருக்கும். அப்புறம் மெதுவாவே வச்சுருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா மைனா பேசவே வேண்டாம் டீச்சர். நம்பரக் கண்டாலே அந்தப் பிள்ளைக்கு அடைச்சுக்கும். சாகுறவரைக்கும்."

"அப்ப அவ காதுலருந்து கழட்டிருங்க."

"கழட்டலாம். நாளைக்கே வேற ஒருத்தர எடுத்துக்கும். யாருன்னு நம்மகிட்ட சொல்லாது."

சுகிர்தா நேராக அய்யலுசாமியிடம் போய் மொத்த மிஷினையும் நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. பாவம், கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்துற அதிகாரம் எனக்கு ஏது டீச்சர்? அப்படியே நிறுத்தினாலும், சபரி மறுபடி ஆட்டுக்குப் பின்னாடி போயிருவான். அவன் அப்பன் வந்து என் சட்டையப் பிடிப்பான், அவன் பிடிக்கிறதும் நியாயந்தான். எல்லா வகுப்புலயும் ஒருத்தர் மக்குப் பிள்ளையா இருக்கத்தான செய்றாங்க? மிஷின் வராத காலத்துலயும் இருந்தாங்க."

"அப்ப நாம ஆக்கலைல்ல சார்."

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோரணம் இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுகிர்தா திரும்பி வந்து, கிளம்பத் தயாராக நின்ற அருள்ராஜை வழிமறித்தாள். "அந்த ஒருத்தர் பிள்ளையாத்தான் இருக்கணுமா?"

அவர் சட்டென்று புரிந்துகொண்டார். "எல்லாருக்கும் தெரியிற மாதிரி ஒருத்தர் இருந்தா போதும்," என்றார். "ஆனா வேண்டாம் டீச்சர்."

"நான் கேட்டனா உங்கள?"

அப்படித்தான் சுகிர்தா டீச்சரின் பெயர் முப்பத்தோராவது மாணவியாகப் பதிவானது. திங்கட்கிழமை காலையில் அவள் மாரிக்கனியை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டு, சேலையைச் சுருட்டிக்கொண்டு நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். "டீச்சருக்குக் கணக்கு மறந்துபோச்சு. நீங்கதான் சொல்லித் தரணும்," என்றாள். பிள்ளைகள் கெக்கலி கொட்டினார்கள். முதல் கணக்கை வேண்டுமென்றே தப்பாகப் போட்டாள், சிவப்பு விளக்கு எரிந்தது, முப்பது தலைகளும் குனிந்தன.

மாரிக்கனி அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் போகும்வரை காத்திருந்து கிட்ட வந்தாள்.

"நீங்க சரியாப் போட்டுட்டா நான் மறுபடி அங்க உக்காரணுமா டீச்சர்?"

"இல்ல கண்ணு. உன்ன யாரும் அங்க உக்காரவைக்க மாட்டாங்க."

"வேற யாரு உக்காருவா?"

சுகிர்தா அவள் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தாள். "நான் இருக்கேன்ல? போ, உங்கம்மா தேடுவாங்க."

மாரிக்கனி சிரிக்கவில்லை. போகும்போது அந்த பெஞ்சை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்துவந்த மாதங்களைப்போல நல்ல மாதங்களைச் சுகிர்தா தன் சர்வீசில் பார்த்ததில்லை. பூட்டிக் கிடந்த மாரிக்கனி திறந்துகொண்டாள். வகுத்தல் வந்தது, பின்னம் வந்தது, மைனா கேட்டு முடிக்கும் முன்பே விடை வந்தது. தன் மகள் வாய் விட்டு வாய்ப்பாடு சொல்வதைப் பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வேலை முடிந்து வந்து ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். தெரிந்தே தப்புப் போடுவதில் நமக்கென்ன குறைந்துவிட்டது, இதைவிட மலிவாக ஒரு பிள்ளையைக் கரையேற்ற முடியுமா என்று சுகிர்தாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஐப்பசியில் ஒரு காலை, அவள் கணவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "மணி எட்டேகால். பஸ் எட்டு நாப்பதுக்கு. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டான். சுகிர்தா இட்லித் தட்டோடு நின்றாள். விடை கிளம்பி வந்தது. தொண்டைவரை வந்ததும் எதற்காகவோ நின்று காத்திருந்தது. பிறகு காணாமல் போனது. அவள் காதில் கருவி இல்லை.

அருள்ராஜுக்குப் போன் போட்டாள்.

"வேணும்னு தப்புப் போட்டா மைனாவுக்குத் தெரிஞ்சுரும் டீச்சர்," என்றார் அவர், தயங்கித் தயங்கி. "நாடி பொய் சொல்லாதுல்ல. நடிப்புன்னா பிள்ளைங்களும் ஒரு நாள் கண்டுபிடிச்சுருவாங்க, அப்புறம் பலன் இருக்காது. அதனால நெசமாவே தப்பு வர்ற மாதிரி அது பாத்துக்கும். அன்னைக்கே வேண்டாம்னு சொன்னேன்."

"இப்ப நான் எந்திரிச்சுட்டா?"

மைனா நாளைக்கே வேறு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளும். அதை அவர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முப்பது முகங்களும் ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்குள் வந்து போயின. பங்குனியோடு வருடம் முடிந்துவிடும், பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு ஆறு மாதம் லீவு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் போய் நடு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தை மாதம் நான்காம் வகுப்பைக் காற்றாலை பார்க்கக் கூட்டிப்போனார்கள். மைனாக்கள் எல்லாம் பள்ளி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் காற்றாலைக்குக் கீழே ஓடி விளையாடி, செம்மண்ணைப் பூசிக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் வேனில் ஏறினார்கள். மாரிக்கனி வேனின் நடு இருக்கைக்குப் பக்கத்தில் போய், அதில் உட்காராமல், அதற்குப் பின்னால் இருந்ததில் உட்கார்ந்தாள்.

"எண்ணிருங்க டீச்சர், கெளம்பிருவோம்," என்றார் முன்னால் உட்கார்ந்திருந்த அய்யலுசாமி.

எண்ணுவது என்ன கணக்கா? ஆனாலும் சுகிர்தா வெறும் கண்ணால் எண்ணத் துணியவில்லை. முன் வரிசையிலிருந்து ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். பதினொன்று, பன்னிரண்டு. எதுவும் அடைக்கவில்லை. பதினெட்டு, பத்தொன்பது. காதுக்குள் நிம்மதியான அமைதி. இருபத்தாறு, இருபத்தேழு. வேனில் பேச்சுச் சத்தம் குறைந்தது. பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெவின் பாட்டை நிறுத்தியிருந்தான். ஜெயரதி முகத்தில் ஒரு களையும் இல்லை. அன்றைக்கு அதிகாரி வந்தபோது உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். சுகிர்தா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. இருபத்தெட்டு. இன்னும் இரண்டு தலைதான் பாக்கி, விடை வந்துவிட்டது, நான் நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவள் நெஞ்சு துள்ளியது. முப்பது என்று வாய்க்கு வருவதற்கு அரை நொடி முன்னால்,

"அவசரப்படாதீங்க டீச்சர். தப்பா வந்தாலும் பரவாயில்ல."

அன்பான குரல். எண்ணிக்கை மொத்தமும் போய்விட்டது. சுகிர்தா திரும்பினாள். மாரிக்கனி முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விளையாடவில்லை. சரியான நேரத்தைக் காத்திருந்துதான் சொல்லியிருந்தாள். கண்ணில் பயம் இருந்தது. அது எந்த பெஞ்சைப் பற்றிய பயம் என்று சுகிர்தாவுக்குத் தெரியும்.

"எத்தன பேரு டீச்சர்?" என்று கேட்டார் அய்யலுசாமி, திரும்பாமலேயே.

சுகிர்தா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. வேன் முழுவதும் ஒரு சின்னச் சிரிப்பு ஓடி அடங்கியது. அது அடங்கியதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து, முகமெல்லாம் மலர, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். கெவின் அதற்கு மெட்டுப் போட்டான். மாரிக்கனி எல்லாரையும்விடச் சத்தமாக எண்ணினாள்.